பக்கிரிசாமியின் மடி அரிசி

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் இரண்டாவது ஜாங்கிரியை வாயருகே கொண்டுபோன நேரத்தில் என் சட்டைப் பை அலறியது. சர்க்கரையை அளக்க என் புஜத்தில் ஒட்டியிருக்கும் வில்லை முதல் ஜாங்கிரியைக் கண்டுபிடித்துக் கைபேசிக்குக் கோள் சொல்ல, அது பந்திக்கே அறிவித்துவிட்டது. எதிர்வரிசையில் ஒருவர் ஆம்புலன்ஸ் வருகிறதோ என்று வாசலைப் பார்த்தார். பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தவர் மட்டும் பதறவில்லை. ஒரு காலத்தில் எனக்கு ஜூனியராக இருந்து, இப்போது சிறுநீரகப் பிரிவுக்குத் தலைவராக இருப்பவர்.

"சார், உங்க காலத்துல இதையெல்லாம் எப்படி சார் சமாளிச்சீங்க?" என்றார்.

'உங்க காலத்துல' என்று என்னை யாராவது கேட்டால், பல்லவர் காலமா சோழர் காலமா என்று தெளிவுபடுத்திக்கொள்ளத் தோன்றும். "எதையெல்லாம்?" என்றேன்.

"சுகரை. அதுவும் ப்ராஸ்டேட் கேன்சர் பேஷண்டோட சுகரை. இப்ப நாங்க ஹார்மோன் ஊசி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே சுகர் டாக்டரைக் கூப்பிட்டுடறோம். எங்க பசங்க இதை நேத்துதான் கண்டுபிடிச்ச மாதிரி பேசறானுங்க. நீங்க ஒரு கட்டுரை எழுதிக் குடுங்க சார், எங்க டிபார்ட்மெண்ட் மலருக்கு."

ஜாங்கிரியை மானத்தோடு கீழே வைக்க எனக்கு ஒரு சாக்கு தேவைப்பட்டது. சரி என்றேன்.

நான் மயக்க மருந்து டாக்டர். இந்தத் தொழிலில் ஒரு விசேஷம் உண்டு. வேலையை ஒழுங்காகச் செய்தால் நோயாளிக்கு நம்மை ஞாபகமே இருக்காது. அறுவை செய்தவருக்கு வீடு தேடி வாழைத்தார் வரும், மகள் கல்யாணப் பத்திரிகை வரும். எனக்கு, "சார் எந்த ஆபீஸ்ல வேலை பார்க்கறீங்க?" என்ற கேள்வி வரும். சென்னையில் படித்தேன், என்னைப் படிக்கவைத்த பேராசிரியர்களுக்கும் என்னை ஞாபகமிருக்க வாய்ப்பில்லை என்பதால் அந்தப் பகுதியை இத்துடன் விடுகிறேன். வேலைக்கு வந்தது தஞ்சைச் சீமையில் ஓர் அரசு ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். தினமும் பஸ்ஸில் போய் வருவேன். வழியில் நீடாமங்கலம் ரயில்வே கேட், மூடினால் லேசில் திறக்காது. நான் நிறையப் படித்தவன் என்று பேர் வாங்கியதற்கு முழுக் காரணமும் அந்த கேட்தான். ரஷ்ய நாவல்களை எல்லாம் அங்கேதான் முடித்தேன்.

எண்பதுகளின் பிற்பகுதி அது. கோட்டையில் ஆட்சி ஒரு கழகத்தின் கையிலிருந்து இன்னொரு கழகத்தின் கைக்கு மாறிக்கொண்டிருந்தது. வயல்காட்டில் நிலச்சண்டையின் சூடு முழுதாக ஆறியிருக்கவில்லை. கூலிப் போராட்டம், குத்தகைத் தகராறு, உச்சவரம்புக்கு மேலான நிலத்தைப் பிரித்துக் கொடுத்ததில் வழக்கு என்று ஊருக்கு ஊர் ஏதாவது ஒன்று இருக்கும். ஊரில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத ஆண்டையும் ஆளும் எங்கள் ஆண்கள் வார்டில் அடுத்தடுத்த கட்டிலில் படுத்திருப்பார்கள். இருவர் பக்கத்திலும் ஒரே மாதிரி மூத்திரப் பை தொங்கும். மேடைகளில் முழங்கிய சமத்துவத்தை நான் கண்ணால் பார்த்தது அங்கேதான்.

வார்டுக்குத் தலைவர் எங்கள் சீஃப். ஒல்லியானவர். குரலை உயர்த்தவே மாட்டார். கோபம் அதிகமாக ஆக அவர் பேச்சு மெல்லியதாகிக்கொண்டே போகும். அவர் உதடு மட்டும் அசைந்து சத்தம் வராமல் போனால் யாருக்கோ மாற்றல் உத்தரவு என்று அர்த்தம். இன்றைக்கு இருக்கும் ஸ்கேன் எதுவும் அன்று எங்களிடம் இல்லை. சீஃபின் வலதுகை ஆள்காட்டி விரல்தான் ஸ்கேன். கையுறையில் எண்ணெய் தடவி, நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஆசனவாய் வழியாக ப்ராஸ்டேட் சுரப்பியைத் தொட்டுப் பார்ப்பார். அப்போது கண்ணை மூடிக்கொள்வார், தூரத்து ரேடியோவில் கச்சேரி கேட்பவரைப் போல. முடிந்ததும் எங்களிடம் திரும்பி, "மூக்கு நுனியைத் தொட்டுப் பாருங்க. இப்படி இருந்தா வயசுக் கோளாறு. நெத்தியைத் தொட்டுப் பாருங்க. இப்படி இருந்தா வேற," என்பார். அந்த வார்டில் வேலை பார்த்தவர்கள் இன்றும் யோசனை வந்தால் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.

சர்க்கரைக்கும் எங்களிடம் ஒரு சமையல் முறை இருந்தது. சோதனைக் குழாயில் நீல நிற பெனடிக்ட் திரவம். அதில் நோயாளியின் மூத்திரம் சில துளி. ஸ்பிரிட் விளக்கில் காட்டிக் கொதிக்க வைக்கவேண்டும். நீலம் நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சையானால் கொஞ்சம், மஞ்சளானால் அதற்கு மேல், ஆரஞ்சு வந்தால் கவலை, செங்கல் சிவப்பு வந்தால் என்னைப் போன்றவர்கள் அன்றைய அறுவையைத் தள்ளிவைக்கலாம். நோயாளிகளுக்கு இந்த நிறங்களெல்லாம் அத்துப்படி. கொடி நிறங்களாகத்தான் பார்ப்பார்கள். "இன்னிக்கு எந்தக் கட்சி சிஸ்டர்?" என்று கட்டிலில் இருந்தே கேட்பார்கள்.

பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு தலைமையாசிரியர் வந்திருந்தார். ஓய்வு பெற்றவர், தென்னந்தோப்புக்காரர். ப்ராஸ்டேட் புற்று. அந்தப் புற்றுக்கு ஆண் ஹார்மோன்தான் தீனி. தீனியை நிறுத்தினால் புற்று சுருண்டு படுத்துவிடும். இன்று ஊசியால் செய்வதை அன்று விரைகளை எடுத்துவிட்டுச் செய்தோம். அறுவை பிரமாதமாக நடந்தது. புற்றும் சொன்ன பேச்சைக் கேட்டு அடங்கியது. ஆனால் அந்த ஹார்மோன் போனால் உடம்பில் சதை குறைந்து கொழுப்பு கூடும். அதுவரை ஏதோ அடங்கி இருந்த சர்க்கரை தலைதூக்கும். இதை நாங்கள் அவரிடம் அழுத்திச் சொல்லவில்லை. புற்றுக்கு மட்டும் ஒழுங்காக வந்து காட்டினார், சர்க்கரையைக் காட்டவில்லை. கால் விரலில் ஒரு புண், பிறகு பாதம், பிறகு ரத்தத்தில் கிருமி. புற்று சுருண்டு படுத்தது படுத்தபடியே இருக்க, அவர் போய்விட்டார்.

மாதாந்திரக் கூட்டத்தில் ஒரு ஜூனியர், "புற்றுநோயைப் பொறுத்தவரை இது வெற்றி சார்," என்று படித்தான்.

சீஃப் மெல்லிய குரலில், "வெற்றின்னே எழுதிக்குங்க," என்றார். "அந்த வீட்டம்மாகிட்டயும் போய் அதையே சொல்லிட்டு வாங்க." அதற்கப்புறம் அவர் உதடு மட்டும் அசைந்தது.

அன்றிலிருந்து வார்டில் ஒரு சட்டம் வந்தது. இந்தப் புற்றுக்காரர்களுக்குக் காலையில் மூத்திரம் பச்சைக்கு மேல் போனால் கத்தி எடுப்பதில்லை. அறுவை முடிந்தபின் மாதாமாதம் சர்க்கரை காட்டாமல் விடுவதில்லை. சட்டத்தை அமல்படுத்தும் வேலை எனக்கு. அனுமதி மறுக்கும் ஆளாக நான் புகழ்பெற்றது இப்படித்தான்.

இந்தச் சட்டத்துக்குள் வந்து மாட்டியவர்தான் பக்கிரிசாமி.

நன்னிலம் பக்கம் ஒரு குடியிருப்பு. அறுபதை ஒட்டிய வயது, கறுத்து இறுகிய உடம்பு. பண்ணையாளாக இருந்து, விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்து, கொடி பிடித்து, அடிபட்டு, இரண்டு முறை உள்ளே போய், கடைசியில் கழக ஆட்சியில் உபரி நிலம் பிரித்துக் கொடுத்தபோது ஒரு துண்டு நிலத்துக்குப் பட்டா வாங்கியவர். யாரையும் 'சாமி' என்று கூப்பிடுவதை நிறுத்திப் பல வருஷம் ஆகிவிட்டது என்று முதல் நாளே அறிவித்துவிட்டு, சீஃபை 'டாக்டர் தோழர்' என்று கூப்பிட்டார். வாழ்நாளில் யாரும் தன்னைத் தோழர் என்று அழைத்திராத சீஃப் ஒரு நிமிஷம் திகைத்துவிட்டு, "சொல்லுங்க தோழர்," என்றார்.

மூத்திரம் முழுதாக அடைத்துக்கொண்டு, வயிறு உப்பி, துடித்தபடி வந்தவர். ட்யூப் போட்டோம். சீஃப் கண்ணை மூடி விரலால் பார்த்துவிட்டு, பேசாமல் தன் நெற்றியைத் தொட்டார். ஊசியால் எடுத்த துணுக்கும் அதையே சொன்னது. ஆனால் எலும்புப் படங்கள் சுத்தமாக இருந்தன. புற்று இன்னும் பரவவில்லை. அடைப்பைச் சுரண்டி வழி ஏற்படுத்துவது, கூடவே விரைகளை எடுப்பது, இரண்டையும் ஒரே மயக்கத்தில் செய்துவிடலாம். சீஃப் கட்டிலில் உட்கார்ந்து ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். பக்கிரிசாமி காலடியில் நின்ற மனைவி ராசாம்பாளைப் பார்த்தார்.

"எடுத்துட்டுப் போவட்டும்," என்றாள் ராசாம்பாள். "ஆளை விட்டுட்டுப் போனாப் போதும்."

நாள் குறித்தோம். காலை மூத்திரம் செங்கல் சிவப்பு. தள்ளிவைத்தோம். ஏற்கெனவே சர்க்கரைக்குப் போட்டுக்கொண்டிருந்த இன்சுலினைக் கூட்டினோம். மறுபடி நாள் குறித்தோம். மறுபடியும் சிவப்பு. "நம்ம கொடிதானே," என்றார் பக்கிரிசாமி பெருமையாக. எனக்குச் சிரிப்பு வரவில்லை. சர்க்கரை கலந்த மூத்திரத்தில் கிடக்கும் ட்யூப், கிருமிகளுக்குப் பந்தல் போட்டுப் பாய் விரித்த மாதிரி. ஒருநாள் சாயங்காலம் கட்டில் ஆடும் அளவுக்கு அவருக்கு நடுக்கும் குளிர்காய்ச்சல் வந்தது. மருந்தில் தணிந்தது. அடுத்த முறை தணியும் என்று சொல்ல முடியாது. சர்க்கரை இறங்காமல் அறுவை இல்லை. அறுவை இல்லாமல் ட்யூப் வெளியே வராது. ட்யூப் உள்ளே இருக்கும்வரை காய்ச்சல் எந்த நேரமும் ரத்தத்தில் இறங்கலாம். புற்று நிதானமாக உட்கார்ந்து எங்களை வேடிக்கை பார்த்தது.

என்ன சாப்பிடுகிறார் என்று விசாரித்தேன். மூன்று வேளையும் கோதுமை ரொட்டி. ராசாம்பாள் சத்தியம் செய்தாள். "சோத்தைக் கண்ணால பாக்கலீங்க. எதிர்க்கட்டில்ல சோறு திங்கறப்ப மூஞ்சியத் திருப்பிக்கிறாரு. நெல்லு வெளயற ஊர்ல பொறந்துட்டு இப்புடி வரட்டியத் திங்கறியேன்னு எனக்கே பாவமா இருக்குது."

இன்சுலின் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் ஒருநாள் காலை ஆரஞ்சுக்கு இறங்கியது. காய்ச்சல் பயத்தில் சீஃப் தன் சட்டத்தைத் தானே கொஞ்சம் தளர்த்தி, மேஜைக்குக் கொண்டுவரச் சொன்னார்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வதுதான் திட்டம். ஆனால் அது பலிக்காமல் போனால் முழு மயக்கம் கொடுக்க வேண்டியிருக்கும். அதனால் யாராக இருந்தாலும் வாயைத் திறந்து பார்க்காமல் நான் ஊசியைத் தொடுவதில்லை. ஆடுகிற பல், கட்டுப் பல், வெற்றிலைச் சக்கை, எதுவும் மூச்சுக்குழலுக்குள் போய்விடும்.

"பல்லு ஏதாவது ஆடுதா? கட்டின பல்லு உண்டா?"

"எல்லாம் சொந்தப் பல்லுங்க. பட்டா உள்ள பல்லு."

"வாயைத் திறங்க. இன்னும் நல்லா."

டார்ச் வெளிச்சத்தில், வலது கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே வெள்ளையாக, குழைவாக ஏதோ அப்பியிருந்தது.

"இது என்ன?"

"அரிசிங்க."

"ராத்திரிலேருந்து எதுவும் சாப்பிடக் கூடாதுன்னு சொன்னாங்களா இல்லையா?"

"சாப்பிடலீங்களே! பச்சத்தண்ணி பல்லுல படல. வேணும்னா ராசாம்பாளக் கேளுங்க."

"அப்ப வாயில இருக்கிறது?"

"இது அரிசிங்க," என்றார், குழந்தைக்கு விளக்குவது போல. "மடியில கெடக்கறது."

கைகளைக் கழுவி, உயர்த்திப் பிடித்தபடி உள்ளே வந்த சீஃப், "என்னய்யா?" என்றார்.

"வாயில அரிசி சார்."

அவர் பக்கிரிசாமியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார். "எறக்குங்க," என்றார். எனக்கு மட்டும்தான் கேட்டது.

விஷயம் பிறகுதான் புரிந்தது. வேட்டி மடிப்பில் எப்போதும் ஒரு முடிச்சு புழுங்கலரிசி வைத்திருப்பார். அவ்வப்போது நாலு விரலால் அள்ளி வாயில் ஒதுக்கிக்கொண்டு, மெள்ள மெள்ள மென்று பால் இறக்குவார், மற்றவர்கள் புகையிலை ஒதுக்குவதைப் போல. புழுங்கல் என்பது ஏற்கெனவே ஒருமுறை வெந்த அரிசி. மென்றால் சோற்றின் வேலையை அப்படியே செய்யும். விழித்திருக்கும் நேரமெல்லாம் அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சோறு தின்றுகொண்டிருந்திருக்கிறார். முடிச்சு தீரத்தீர ஊரிலிருந்து வந்து பார்ப்பவர்கள் கொடுத்துவிட்டுப் போவார்கள். ராசாம்பாளுக்கும் தெரியும். அவளும் பொய் சொல்லவில்லை. எங்கள் சீமையில் இலை போட்டு உட்கார்ந்தால்தான் சாப்பாடு. மடியிலிருந்து மெல்வதை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. நானும்கூட, இப்போது யோசித்துப் பார்த்தால், வீட்டில் சமையலறையைக் கடக்கும்போது வாயில் போட்டுக்கொள்கிற பொட்டுக்கடலையை இதுவரை எந்த டாக்டரிடமும் சொன்னதில்லை.

இத்தோடு முடிந்திருக்கவேண்டியது. ஆனால் வார்டுக்குத் திரும்பியதும் ஸ்டெல்லா சிஸ்டர், வார்டின் நிரந்தர ராணி, கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, "எழுந்திரிங்க. வேட்டிய உதறுங்க. நான் பாக்கணும்," என்றார். நல்ல மனுஷி. நோயாளி பிழைக்கவேண்டும் என்பதைத் தவிர அவர் மனதில் வேறொன்றும் இல்லை.

பக்கிரிசாமியின் முகம் மாறிப்போனது. நான் அங்கேதான் நின்றிருந்தேன். காய்ச்சலில் நடுங்கியபோதுகூட அந்த முகத்தில் அப்படி ஒன்றைப் பார்க்கவில்லை.

"உதற மாட்டேன்," என்றார். ட்யூப்பின் முனையில் தொங்கிய மூத்திரப் பையை அவரே எடுத்து ஒரு மஞ்சள் துணிப்பைக்குள் போட்டுக்கொண்டார். "ராசாம்பா, கெளம்பு. செத்தாலும் ஊர்ல போய் சாவறேன்."

சீஃபுக்குச் செய்தி போய்ச் சேர்வதற்குள் அவர் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி, எதிரே பஸ் நிற்கும் இடத்தில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அறுவை அரங்கின் பச்சை உடுப்போடும் ரப்பர் செருப்போடும் சீஃப் சாலையைக் கடந்தார். பின்னாலேயே நான். சைக்கிளில் போன ஒருவர் எங்களைப் பார்த்தபடியே போய்ப் வாய்க்கால் பாலத்துச் சுவரில் முட்டிக்கொண்டார். சீஃப் அதே பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து, மூன்று டீ சொன்னார். பக்கிரிசாமிக்குச் சர்க்கரை இல்லாமல்.

"சிஸ்டர் உங்க நல்லதுக்குத்தான் கேட்டாங்க தோழர்," என்றார்.

"தெரியுங்க," என்றார் பக்கிரிசாமி. "ஆனா என்னால முடியாது. பண்ணையில இருந்தப்ப, களத்துல அடிச்சுத் தூத்தி முடிச்சதும் பொழுது சாய வெளிய வருவோம் பாருங்க, வாசல்ல ஆண்டையோட காரியக்காரரு நிப்பாரு. ஒவ்வொருத்தனும் அவரு முன்னாடி வேட்டிய உதறிக் காட்டிட்டுத்தான் போவணும். மடியில ஒரு மணி நெல்லு ஒட்டிக்கிட்டு வந்தாலும் திருட்டுதான். எங்க அப்பாவும் ஒதறுனாரு. நானும் ஒதறுனேன். பட்டா கைக்கு வந்து, மொத அறுப்பு அறுத்து, நானே அவிச்சுக் குத்தி, அந்த அரிசிய மடியில கட்டிக்கிட்டு அந்தப் பண்ணை வாசல் வழியாவே நடந்து போனேன். அன்னிக்குக் கட்டுனது. இன்னிக்கு வரைக்கும் என் மடி காலியா இருந்ததில்ல. இப்ப இங்க வந்து நான் ஒதறிக் காட்டணுமா?"

டீக்கடைக்காரர் பாலை ஆற்றுவதை நிறுத்திவிட்டார். மருத்துவப் புத்தகங்களில் இதற்கு என்ன எழுதியிருக்கிறது என்று யோசித்தேன். ரஷ்ய நாவல்களிலும் யோசித்தேன்.

சீஃப் டீயைக் குடித்து முடித்தார். "உதற வேணாம்," என்றார். "எனக்கு வேற ஒரு ஏற்பாடு தோணுது. அந்த அரிசிய எனக்குக் குத்தகைக்கு விடுங்க."

"அரிசியையா?"

"அரிசியத்தான். பட்டா உங்க பேர்லயே இருக்கட்டும். அனுபோகம் மட்டும் என்கிட்ட."

பக்கிரிசாமி அவரைச் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிக்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "குத்தகைக்கு உட்டது திரும்பி வராது டாக்டர் தோழர்! எனக்கா தெரியாது? திருப்பிக் குடுக்காதேன்னு ஊரு ஊராப் போய் பேசுனவனே நான்தானே."

"வெளியேத்தணும்னா கோர்ட்டுக்குப் போங்க. நான் ஸ்டே வாங்கறேன்."

"அட, குடுத்துத் தொலையுங்களேன்," என்றாள் ராசாம்பாள். அதுவரை முந்தானையை வாயில் பொத்தியபடி நின்றவள். "பொழச்சு வந்தா வயக்காடு பூராவும் உக்காந்து தின்னலாம்."

"பூராவும் வேணாம்மா," என்றார் சீஃப் அவசரமாக. பிறகு பக்கிரிசாமியிடம், "இங்க பாருங்க, வாயில அரிசி போடறதுக்குன்னு ஊர்ல ஆள் இருக்காங்க. அதுக்கான நாள் வர்றப்ப போடுவாங்க. நீங்களே இப்பலேருந்து போட்டுக்கிட்டா எப்படி?"

பக்கிரிசாமி முடிச்சை அவிழ்த்தார். அவராகவே அவிழ்த்தார். சீஃப் இரண்டு கைகளையும் சேர்த்து நீட்ட, அதில் கொட்டினார். சீஃப் ஒரு மணியை எடுத்து, நெல் கொள்முதல் அதிகாரியைப் போலக் கடித்துப் பார்த்து, "ஈரம் இருக்கே," என்றார்.

"ஈரம் உங்க பல்லுலங்க. அரிசி சருகாக் காஞ்சது. பொன்னி. நானே அவிச்சது."

திரும்பி நடக்கும்போது சீஃப் என்னிடம் முதலில் சொன்னது அரிசியைப் பற்றியல்ல. "ஊசியப் பாதியாக் குறைங்க. அரிசிக்கும் சேத்து இவ்வளவு நாளா குத்திட்டிருந்தோம். அரிசி நின்னு, ஊசி நிக்கலைன்னா விடியறதுக்குள்ள ஆள் மயங்கிக் கிடப்பாரு." எனக்கு அது தோன்றியிருக்கவில்லை. நான் இன்னும் டீக்கடையிலேயே இருந்தேன்.

அரிசி ஒரு காலி சாம்பிள் சீசாவுக்குள் போனது. அதன் மேல் பிளாஸ்திரி ஒட்டி, 'பக்கிரிசாமி, பட்டா' என்று சீஃப் எழுதினார். ஸ்டெல்லா சிஸ்டர் அதை ஒருமுறை பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பிவிட்டார். அங்கிருந்தவர் 'அரிசி, நல்ல தரம்' என்று முடிவெழுதித் திருப்பி அனுப்பினார்.

சோதனைக் குழாயில் சிவப்பு இறங்கியது. ஆரஞ்சு, பிறகு மஞ்சள். ஒருநாள் மஞ்சளா பச்சையா என்று தீர்மானிக்க முடியாமல் நின்றது. "கூட்டணி ஆட்சி," என்றார் பக்கிரிசாமி. மறுநாள் தெளிவான பச்சை. காய்ச்சலும் இல்லை. மேஜைக்குக் கொண்டுவந்தோம்.

வாயைத் திறக்கச் சொன்னேன். சுத்தமாக இருந்தது. உட்காரவைத்து முன்பக்கம் வளையச் சொல்லவேண்டும். முதுகெலும்புகளின் இடைவெளி அப்போதுதான் திறக்கும். இதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்கு வியர்த்துவிடும். அவரிடம், "நாத்துப் பறிக்கற மாதிரி குனிங்க," என்றேன். அடடா, அப்படி ஒரு முதுகை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. கணுக்கணுவாக விரிந்து கொடுத்தது. ஆயுள் முழுக்கக் குனிந்த முதுகு. ஊசி ஒவ்வொரு படலமாகக் கடந்து, கடைசியில் அந்தச் சின்ன விடுபடல். தண்டுவட நீர் பளிங்கு மாதிரி ஒரு சொட்டு எட்டிப்பார்த்தது. மருந்தைச் செலுத்திப் படுக்கவைத்தேன்.

"காலைத் தூக்குங்க பாப்போம்."

"யாரு காலுங்க?"

அவ்வளவுதான், வேலை முடிந்தது. சீஃப் திரைக்கு அந்தப் பக்கம் சூடேறிய கம்பி வளையத்தால் அடைப்பைச் சீவிக்கொண்டிருந்தார். பக்கிரிசாமி விழித்தே இருந்தார்.

"என்னங்க செய்யறாரு தோழரு?"

"வாய்க்கால் தூர் வாரறாரு."

"கரைய ஒடச்சிடப் போறாரு, பாத்து வாரச் சொல்லுங்க."

திரைக்கு அப்பாலிருந்து, "பொதுப்பணித் துறை இல்ல தோழர், நானே வாரறேன்," என்று பதில் வந்தது.

ட்யூப்பை எடுக்கும் நாள் வந்தது. எந்த அறுவைக்கும் அதுதான் தீர்ப்பு நாள். எடுத்தபின் தானாகப் போனால் வெற்றி. போகாவிட்டால் பழையபடி ட்யூப், பழையபடி காய்ச்சல். காலையில் எடுத்தார்கள். தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். குடித்தார். உட்கார்ந்தார். நடந்தார். ராசாம்பாள் வார்டின் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டே நின்றாள். எதிர்க்கட்டில்காரர் ஒரு பண்ணையின் வாரிசு; ஊரில் இவரோடு பேச்சுவார்த்தை இல்லாதவர். அவரே பொறுக்கமாட்டாமல், "வருதாய்யா?" என்று கேட்டார்.

"வந்தா சொல்லமாட்டனா?" என்றார் பக்கிரிசாமி. வார்டில் அவர்கள் முதன்முதலாகப் பேசிக்கொண்டது அதுதான்.

பிற்பகலில் அவர் எனாமல் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு தட்டிக்குப் பின்னால் போனார். வார்டு மொத்தமும் வாயை மூடிக்கொண்டது. மின்விசிறியைக்கூட யாரோ நிறுத்தினார்கள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு எனாமலில் ஒரு துளி. இன்னொரு துளி. ஒரு நிறுத்தம். பிறகு பிடித்துக்கொண்டது. கிளை வாய்க்காலில் முறைத் தண்ணீர் வந்து சேரும்போது முதலில் சருகைத் தள்ளிக்கொண்டு தயங்கி, பிறகு ஒரே ஓட்டமாக ஓடுமே, அதே சத்தம். நான் எத்தனையோ நல்ல கச்சேரிகள் கேட்டிருக்கிறேன். ஸ்டெல்லா சிஸ்டர் சிலுவை போட்டுக்கொண்டார். ராசாம்பாள் ஜன்னல் கம்பியை விட்டுவிட்டுத் தரையில் அப்படியே உட்கார்ந்து, "வந்துட்டுதுங்க... வந்துட்டுதுங்க," என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னாள்.

சீஃப் மட்டும், "அதைக் கொட்டிடாதீங்க!" என்றார்.

அவரே சில துளி எடுத்தார். அவரே ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்துக் குழாயைச் சாய்த்துப் பிடித்தார். குமிழ் விட்டுக் கொதித்தது. நாங்கள் எல்லோரும் குனிந்து பார்த்தோம். நீலம். கொதித்து அடங்கியபின்பும் நீலம். புற்றின் சேதியும் சர்க்கரையின் சேதியும் ஒரே பாத்திரத்தில் வந்து சேர்ந்திருந்தன. சீஃப் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். மூச்சை அவர் அப்போதுதான் விட்டார் என்று நினைக்கிறேன். அல்லது அது நானாகக்கூட இருக்கலாம்.

இப்போது ஆராய்ச்சிக் கட்டுரைகளில் என்னென்னமோ எழுதுகிறார்கள். சர்க்கரைக்காரர்களுக்கு இந்தப் புற்று சற்றுக் குறைவாகவே வருகிறதாம். ஆனால் வந்துவிட்டால், கட்டுப்படாத சர்க்கரை இருப்பவர்கள் பாடு மோசம்தானாம். ஏன் என்று இன்னும் முழுதாகச் சொல்ல முடியவில்லை என்கிறார்கள். எங்களுக்கும் ஏன் என்று தெரியாது. புற்றை ஒரு கையிலும் சர்க்கரையை இன்னொரு கையிலும் பிடிக்கவேண்டும், எதை விட்டாலும் மனுஷன் போய்விடுவான் என்பது மட்டும் தெரிந்திருந்தது.

முதல் மாதப் பரிசோதனைக்குப் பக்கிரிசாமி வந்த காட்சி மறக்காது. வெளிநோயாளிகள் பிரிவு நிறையக் கூட்டம். சீஃபின் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவராக வேட்டி மடிப்பை அவிழ்த்து, இரு கையாலும் விரித்துப் பிடித்து, படபடவென்று உதறினார்.

"பாத்துக்குங்க டாக்டர் தோழர். காரியக்காரனுக்காவ ஒதறல. நானா ஒதறுறேன்."

சீஃப் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். அமைச்சர் வந்தபோதுகூட அவர் பாதிதான் எழுந்தார்.

அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. மாதாமாதம் வருவார், உதறுவார், சோதனைக்கு ரத்தம் கொடுப்பார், அரிசி சீசா பத்திரமாக இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார், போவார். சீஃப் ஓய்வு பெற்றபோது சீசாவை என்னிடம் கொடுத்து, "உள்குத்தகை," என்றார். புற்று திரும்பவில்லை. கால் விரல் பத்தும் பத்திரமாக இருந்தன. பேரன் பேத்திகள் வந்தார்கள். அவர்களையும் கூட்டிவந்து சீசாவைக் காட்டினார்.

கடைசியாக என்னைப் பார்க்க வந்தபோது அவருக்கு நன்றாக வயதாகிவிட்டிருந்தது. ராசாம்பாள் ஒரு பக்கம் பிடித்திருந்தாள். வழக்கம்போல மடியை அவிழ்த்து உதறினார். அன்றைக்கு ஒரே ஒரு அரிசி மேஜைமேல் விழுந்து உருண்டது.

மூன்று பேரும் அதைப் பார்த்தோம்.

"எப்புடி வந்துச்சுன்னு தெரியலீங்களே," என்றார், கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல். ராசாம்பாள் கூரையைப் பார்த்தாள். அன்றைய சர்க்கரை முடிவு என் கையில் இருந்தது. நன்றாகவே இருந்தது. அவர் அந்த மணியை இரு விரலால் எடுத்து, வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, என் உள்ளங்கையில் வைத்தார்.

"இதையும் உங்க அனுபோகத்துல சேத்துக்குங்க," என்றார்.

சீசாவைத் திறந்து அதையும் உள்ளே போட்டேன்.